பணயம் யாருடையது?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைகுண்ட ஏகாதசியன்று உபவாஸமிருந்து, இரவு முழுதும் கண்விழித்து எம்பெருமானைச் சிந்தித்திருப்பது நம் முன்னோர் காட்டிய நெறி. திருக்கோயிலில் ஸேவாகாலமும் நாமஸங்கீர்த்தனமும் கேட்டு விழித்திருப்போர் ஒருபுறமிருக்க, இல்லங்களில் சிறுவரும் பெரியோரும் பரமபத சோபான படத்தை விரித்து, தாயக்கட்டை உருட்டி விளையாடி அவ்விரவைக் கழிப்பதும் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். அப்படத்தில் நற்குணங்கள் ஏணிகளாக ஏற்றுகின்றன. தீக்குணங்கள் பாம்புகளாக விழுங்கிக் கீழே தள்ளுகின்றன. உச்சியில் வைகுண்டநாதன் எழுந்தருளியிருக்கிறான். ஜீவாத்மாவின் நெடும் பயணத்தைக் குழந்தையும் உணரும்படி ஒரு விளையாட்டிலே வைத்துக் கொடுத்த பெரியோரின் கருணையை என்னென்பது!

அதே நள்ளிரவில், அதே ஊரில், சில வேளை அதே இல்லத்திலும் வேறொரு விளையாட்டு நடைபெறுகிறது. அதற்குப் படமும் வேண்டாம், கட்டையும் வேண்டாம், கூட ஆடுவார் எதிரே அமர்ந்திருக்கவும் வேண்டாம். உள்ளங்கையளவு கைபேசி ஒன்று போதும். சீட்டுகள் திரையில் தாமே விழுகின்றன. வங்கியிலுள்ள பணம் விரல் நுனியால் வெளியேறுகிறது. இதை ஆடுகிறவனும் விடிய விடியக் கண்விழித்தே இருக்கிறான்.

இரண்டும் விளையாட்டு, இரண்டும் விழிப்பு. ஒன்று பரமபதத்தை நினைப்பூட்டுகிறது. மற்றொன்று குடும்பங்களைத் தெருவில் நிறுத்துகிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எது? விஞ்ஞானம் வளர்ந்துள்ள இக்காலத்தில் அரசும் நீதிமன்றங்களும் ஆராய்ந்துவரும் இக்கேள்வியை, நம் ஸம்பிரதாயத்தின் ஒளியில் சிறிது சிந்திப்பது பொருத்தமாகும்.

விளையாட்டு குற்றமா?

விளையாட்டே ஆகாது என்று நம் பெரியோர் ஒருகாலும் கூறியதில்லை. குறையொன்றுமில்லாத பரம்பொருள் உலகை ஏன் படைத்தது என்னும் வினாவுக்கு, லீலையே பயன் என்று பிரஹ்மஸூத்ரம் விடையளிக்கிறது. அதனை விளக்க வந்த ஸ்ரீபாஷ்யகாரர், உலகனைத்தையும் ஆளும் பேரரசன் ஒருவன் பந்து முதலியவற்றைக் கொண்டு விளையாடுவதை உவமையாகக் காட்டினார். அவ்வரசனுக்குப் பந்தாட்டத்தால் பெற வேண்டியது ஒன்றுமில்லை; ஆட்டத்தின் மகிழ்ச்சியே ஆட்டத்தின் பயன். கம்பநாடரும் தம் காப்பியத்தைத் தொடங்குகையில், படைத்தல் காத்தல் அழித்தலாகிய முத்தொழிலையும் எல்லையற்ற விளையாட்டு என்றே கண்டு சரண் புகுந்தார்.

இவ்வுவமையிலிருந்து ஒரு தெளிவு பிறக்கிறது. நிறைவிலிருந்து எழுவது விளையாட்டு; குறையிலிருந்து எழுவது சூது. பெற்றே தீரவேண்டும், இழந்ததை மீட்டே தீரவேண்டும் என்னும் தவிப்பு எப்பொழுது உள்ளே புகுகிறதோ, அப்பொழுதே விளையாட்டு தன் பெயரை இழந்துவிடுகிறது.

திருமலையில் ஹாதிராம் பாவாஜி என்னும் பக்தருடன் வேங்கடமுடையான் இரவில் வந்து பகடையாடினான் என்பது செவிவழி வரலாறு. 1843 முதல் 1933 வரை திருமலைத் திருக்கோயிலை நிர்வகித்தது அப்பக்தரின் பெயரால் விளங்கும் மடமே. “பெருமானே பகடையாடியிருக்க, நாங்கள் ஆடலாகாதோ?” என்று சிலர் நகையாடுவதுண்டு. அங்கே வென்ற பக்தன் பொருளை விரும்பவில்லை. தோற்ற பெருமானுக்கு இழப்பென்பதும் இல்லை. அன்புக்கு ஒரு சாக்காகவே பகடை உருண்டது. பொருளுக்காக உருளும் பகடைக்கு அதனைச் சான்றாகக் கொள்வது எங்ஙனம்?

கீதையின் விபூதியோகத்தில், வஞ்சிப்பவைகளுள் தான் சூது என்று கண்ணன் அருளியிருப்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அதே அத்தியாயத்தில், அனைத்தையும் கவர்ந்து செல்லும் மரணமும் தானே என்று அவன் அருளியுள்ளான். அதனால் மரணத்தைத் தேடிச் செல்வாருண்டோ? வஞ்சனைகள் அனைத்திலும் வலிமை மிக்கது சூது என்பதே அங்கு நாம் கொள்ளத்தக்க எச்சரிக்கையாகும்.

கலிக்குக் கொடுத்த இடம்

ஸ்ரீமத் பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தில் பரீக்ஷித்து மன்னனின் வரலாறு ஒன்று வருகிறது. தர்மத்தை வதைத்த கலிபுருஷனைக் கொல்ல மன்னன் வாளை உருவினான். கலி அடிபணிந்து, தான் தங்க ஓரிடம் வேண்டினான். அடிபணிந்தவனைக் கொல்லலாகாது என்று எண்ணிய மன்னன், சூது, மது, காமம், கொலை ஆகிய நான்கு இடங்களை வகுத்துக் கொடுத்தான். கலி மேலும் வேண்டவே, பொன்னையும் ஐந்தாவதாகச் சேர்த்தான். அப்பட்டியலில் முதலில் நிற்பது சூது. இறுதியில் நிற்பது பொன். இன்று கைபேசித் திரையில் முதலதும் ஐந்தாவதும் ஒன்றாகக் குடியேறியுள்ளன.

பரீக்ஷித்து செய்தது, இக்காலத்தார் மொழியில் சொன்னால், ஒழுங்குமுறைச் சட்டம். அழிக்க இயலாத தீமைக்கு ஓர் எல்லை வகுத்து, அவ்வெல்லைக்கு வெளியே மக்களைக் காத்தான். பிற்காலத்து அரசுகளும் இவ்வழியையே பின்பற்றின. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1930இல் இயற்றப்பட்ட சட்டமும் பொதுச் சூதாட்ட விடுதியையே முதன்மையாகக் குறிவைத்தன. விடுதி என்றால் சுவருண்டு, கதவுண்டு. காவலர் சென்று கதவைத் தட்ட இயலும். அங்கே செல்பவன் நாலு பேர் கண்ணில் படவேண்டும். அவ்வெட்கமே பலரைக் காத்தது.

கைபேசி அச்சுவர்களைக் கரைத்துவிட்டது. 2016இல் யுபிஐ பணப்பரிமாற்ற முறை வந்தபின், காய்கறிக்குப் பணம் கொடுக்கும் எளிமையுடனேயே பந்தயத்துக்கும் பணம் கட்ட முடிந்தது. கலிக்கு மன்னன் கொடுத்த இடம் ஊர்க்கோடியில் இருந்தது. இன்றோ அது மடியிலும் தலையணையடியிலும் இருக்கிறது.

இதனால் விஞ்ஞானத்தைப் பழிக்க வேண்டியதில்லை. தரிசனத்துக்கு முன்பதிவு செய்வதும், நடக்கவியலாத முதியோர் இல்லத்திலிருந்தபடியே உத்ஸவத்தை ஸேவிப்பதும் அக்கருவியால்தான் கூடுகின்றன. கத்தி, பழத்தையும் நறுக்கும். குற்றம் கருவியினுடையதன்று, கருவியை மனத்தின் பலவீனத்துக்கு எதிராகத் தீட்டியவர்களுடையது.

அக்ஷஹ்ருதயம்

மஹாபாரதத்தில் நளன் கதை நாமறிந்ததே. கலி புகுந்ததால் சூதில் நாடிழந்த நளன், ருதுபர்ண மன்னனுக்குத் தேர்ப்பாகனாக இருந்தபோது, வழியிலிருந்த தான்றிமரத்தின் காய்களையும் இலைகளையும் ஒரு நோக்கில் எண்ணிச் சொன்ன அம்மன்னனிடம் அக்ஷஹ்ருதயம் என்னும் வித்தையைக் கற்றான். அக்ஷம் என்பது சூதாடு காய். அதன் உள்ளத்தை அறிவது அவ்வித்தை. அதனைக் கற்ற அக்கணமே கலி நளனை விட்டு வெளியேறினான் என்று கூறுகிறது இதிஹாஸம். நளன் பின்னர் வென்று நாட்டை மீட்டது பிற்பாடு. அறிந்தவுடனே கலி நீங்கினான் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

இன்றைய சூதின் உள்ளத்தையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்பாருடன் 1957இல் வெளியிட்ட ஆய்வுநூலில் பறவைகளைக் கொண்டு செய்த சோதனைகளை விவரித்தார். ஒரு பொத்தானைக் கொத்தினால் இரை விழும். இத்தனை முறை கொத்தினால் இரை என்று உறுதியாக இருந்தால், இரை உண்ட பறவை சற்றே ஓய்கிறது. எப்பொழுது விழும் என்று தெரியாதபடி, சில வேளை சில கொத்தலுக்கும் சில வேளை பல கொத்தலுக்கும் இரை விழச் செய்தால், பறவை ஓய்வின்றிக் கொத்துகிறது. இரையை அடியோடு நிறுத்திய பின்னும் நெடுநேரம் விடாமல் கொத்துகிறது. நிச்சயமான ஊதியத்தைவிட நிச்சயமற்ற ஊதியமே உயிரை அதிகமாகப் பிணிக்கிறது.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்து, எதிர்பாராது கிடைக்கும் பரிசுக்கே அவை மிகுதியாகக் கிளர்கின்றன என்று கண்டார். பழகிய பரிசு கிடைக்கையில் அவை கிளர்வதில்லை. எதிர்பார்த்தது கிட்டாதபோது அடங்கிச் சோர்கின்றன. மயிரிழையில் தவறிய தோல்வியும்கூட, வெற்றியின்போது இயங்கும் மூளைப்பகுதிகளையே தூண்டுகிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தனர். இன்னும் ஒரு சீட்டு வந்திருந்தால் வென்றிருப்பேன் என்று சூதாடி புலம்புவது இதனாலேயே. சூதில் வரும் வெற்றியைத் தூண்டிலிரைக்கு ஒப்பிட்ட திருவள்ளுவர், எவ்விதக் கருவியுமின்றி இதனைக் கண்டுரைத்தவராவார்.

கட்டுக்கடங்காத சூதாட்டப் பழக்கத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் போதைப் பழக்கங்களின் வரிசையில் சேர்த்தது. பணமில்லாத கணினி விளையாட்டும் அளவு கடந்தால் நோயே என்று, 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் உலக ஸுகாதார நிறுவனம் குறித்தது. ஆகவே இதில் அகப்பட்டவரைப் பாவி என்று தள்ளாமல், நோயுற்றார் என்று அணைத்தல் வேண்டும்.

சட்டம் கேட்ட கேள்வி

சூதை அரசன் என்ன செய்வது என்பதில் பழைய நூல்களே இருவேறாகப் பேசுகின்றன. நாட்டிலிருந்து அதனை விலக்குக என்றார் மனு. அதிகாரி ஒருவரின் கண்காணிப்பில் ஓரிடத்தில் நடத்தி, வெல்பவனிடம் நூற்றுக்கு ஐந்து பெறுக என்றார் கௌடில்யர். தமிழ்நாடு 1968இல் பரிசுச்சீட்டைத் தொடங்கியபோது கௌடில்யரின் வழியிலும், 2003இல் பரிசுச்சீட்டு விற்பனையை அடியோடு தடைசெய்தபோது மனுவின் வழியிலும் நடந்தது எனலாம்.

நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி வேறு: இது திறமையின் ஆட்டமா, அதிர்ஷ்டத்தின் ஆட்டமா? ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டமே என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974இல் இயற்றிய சட்டத்தை ஆராய்ந்தபோதும், அது திறமையைச் சார்ந்தது என்றே 1996இல் தீர்ப்பாயிற்று. இணையவழி ரம்மியைத் தடுத்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் செல்லாதென்றது. 2022இல் நீதியரசர் கே. சந்துரு அவர்களின் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து அறிக்கை அளித்தபின் புதிய சட்டம் பிறந்து, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சட்டத்தை ஏற்ற உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. பின்னர் 2025இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஆடலாகாது, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடலாகாது என்று மாநில அரசு விதி வகுத்தது. உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ அப்பழைய கேள்வியையே விலக்கிவிட்டது. திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் வைத்து இணையவழி ஆடுவிப்பது குற்றம் என்றது. ஆடுகிறவனைத் தண்டிக்காமல் ஆடுவிப்பவனைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கு. ஏறக்குறைய 45 கோடி மக்கள் ஆண்டுதோறும் 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பதாக அரசின் மதிப்பீடு அப்பொழுது கூறப்பட்டது. அச்சட்டத்தை எதிர்த்தும் வழக்குகள் எழுந்தன.

வழக்கின் முடிவு எதுவாயினும் ஆகுக. திறமையா அதிர்ஷ்டமா என்பது சட்டத்துக்குரிய கேள்வி. தர்மத்துக்கு அது போதாது. சகுனியும் திறமைசாலியே. அவன் திறமை அவ்வாட்டத்தைத் தூய்மையாக்கிற்றா? அன்றியும், இவ்வாட்டங்களை நடத்துவோர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் பங்கை எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்தால் இழப்பே மிஞ்சும். எவருடைய திறமையும் இக்கணக்கை மாற்றாது.

திரௌபதி கேட்ட கேள்வி

தர்மத்தின் கேள்வியைக் கேட்டவள் திரௌபதி. தம்பியரை ஒருவர்பின் ஒருவராக வைத்திழந்து, தன்னையும் வைத்திழந்து, இறுதியில் அவளையும் வைத்திழந்தான் யுதிஷ்டிரன். அவளை அழைத்துவரச் சென்ற தூதனிடம் அவள் கேட்டாள்: முதலில் இழந்தது தன்னையா, என்னையா? தன்னை இழந்து அடிமையானவனுக்கு வேறொருவரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்பது அதன் கருத்து. அச்சபையில் எவரும் அதற்கு நேர்விடை கூற முன்வரவில்லை; விகர்ணன் அவள் பக்கம் பேசினான்.

இன்றும் ஒவ்வோர் இல்லத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுவே. இரவில் பணயம் வைக்கப்படும் தொகை யாருடையது? மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததா? தாயின் மருந்துக்கு வைத்ததா? மனைவியின் நகையை அடகு வைத்துப் பெற்றதா? என் சம்பாத்தியம், என் விருப்பம் என்று கூறுவோருண்டு. நம் ஸம்பிரதாயம் அங்கேதான் கை வைக்கிறது. ஜீவாத்மா தனக்குரியவன் அல்லன்; எம்பெருமானுக்கே சேஷபூதன். எம்பெருமானுடைய சொத்தாகிய ஆத்மாவைத் தன்னுடையதென்று எண்ணுதல் ஆத்மாபஹாரம் என்றும், திருட்டுகள் எல்லாவற்றுக்கும் வேர் அதுவே என்றும் பூர்வாசாரியர்கள் அருளினர். தானே தனக்குச் சொந்தமில்லாதவன் எதைப் பணயம் வைப்பான்? யுதிஷ்டிரன் திரௌபதியை வைத்தது மட்டுமன்று, தன்னை வைத்ததும் பிறர் பொருளை வைத்ததேயாகும். கடன் தாளாது உயிரையே மாய்த்துக்கொள்பவன் செய்யும் பிழையும் இதுவே: தன்னுடையதல்லாத ஒன்றைச் சூதில் இழந்துவிட்டதாக அவன் எண்ணிவிடுகிறான். அவ்வுயிர் எம்பெருமானுடையது, எந்தச் சூதிலும் இழக்கவொண்ணாதது. எத்தனை இலட்சம் போயினும் அதன் விலை குறையாது.

பணம் வைக்காத விளையாட்டிலும் ஒரு பணயம் உண்டு. அது காலம். கண் துஞ்சாது திரையில் எதிரியைச் சுடும் சிறுவன் தன் உறக்கத்தையும் கல்வியையும் வைத்தே ஆடுகிறான். சீனம் 2021இல் சிறார்க்கு வாரத்தில் மூன்று மணி நேரமே இணையவழி விளையாட்டு என்று வரையறுத்தது. தென்கொரியா 2011இல் கொண்டுவந்த நள்ளிரவுத் தடையைப் பத்தாண்டுகளுக்குப் பின் நீக்கி, முடிவைப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் விட்டது. அரசு கதவைச் சாத்தலாம். ஆனால் உள்ளேயிருப்பவனுக்கு வேறு மகிழ்ச்சியைத் தருவது குடும்பத்தின் கடமை.

சபையின் மௌனம்

அன்று சபையில் பீஷ்மரும் துரோணரும் இருந்தனர். முன்பே தடுத்துரைத்த விதுரனின் சொல் ஏறவில்லை. மற்றைப் பெரியோரின் மௌனமே சகுனியின் காய்களைவிடக் கொடியதாயிற்று. பின்பு திரௌபதி பெற்ற வரத்தால் எல்லாம் மீண்டும் கிடைத்தது. அப்படியிருந்தும், பாதி வழியில் அழைப்பு வந்ததும் யுதிஷ்டிரன் திரும்பிச் சென்று மறுபடி ஆடினான், வனவாசம் வாய்த்தது. கடனை அடைத்துவிட்டால் மகன் திருந்திவிடுவான் என்று நிலத்தை விற்கும் தந்தையர் இதனை நினைவிற்கொள்க. பணத்தை மட்டும் மீட்டுக் கொடுத்து மனத்தை மீட்காவிட்டால், மறு அழைப்பு ஒன்றே போதும்.

வனத்தில் பாண்டவர்களைக் கண்ட கண்ணன் கூறியதை மஹாபாரதம் உரைக்கிறது. சால்வனோடு போர் செய்யச் சென்றிராவிடில், அழைக்கப்படாமலே அஸ்தினாபுரம் வந்து சூதின் தீமைகளை எடுத்துரைத்திருப்பேன்; நற்சொல் ஏறாவிட்டால் வலிமையால் தடுத்திருப்பேன் என்றான் அவன். அழையாமலே வருதல், முதலில் உபதேசம், பின்னரே தண்டம்: அரசுக்கும் குடும்பத்துக்கும் இதைவிடச் சிறந்த வழி வேறென்ன?

ஆகவே உத்ஸவத்துக்கு வந்துள்ள அன்பர்கள் இல்லம் திரும்பியதும் இதனைச் செய்யலாம். பிள்ளைகளின் கைபேசியைப் பறிப்பதற்குமுன், அவர்களோடு அமர்ந்து அவர்கள் ஆடுவது என்னவென்று கேட்டறிக. சூதின் உள்ளமைப்பை அவர்களுக்கு விளக்குக. அதுவே இக்காலத்து அக்ஷஹ்ருதயம். குடும்பப் பணத்தின் கணக்கு ஒருவர் கண்ணில் மட்டும் படாதிருக்கட்டும். சிக்கியவரைக் கண்டால் பழியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனவே 2014இல் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பெற்றது. 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. அழைக்க வெட்குவோருக்காக மற்றொருவர் அழைத்துப் பேசுவதும் பாகவத கைங்கர்யமே ஆகும்.

நம்மை நமக்குச் சொந்தமென்று எண்ணிய பொழுதெல்லாம் நாம் தோற்றிருக்கிறோம். அவனுக்குரியோம் என்று உணர்ந்த அன்றே, எவரும் வெல்லவியலாத இடத்தில் நாம் பத்திரமாக வைக்கப்பட்டிருப்பதை அறிவோம். அவ்வுணர்வை இல்லந்தோறும் இளையோர்க்கு ஊட்ட, திருமாமகள் கேள்வன் திருவுள்ளம் பற்றுவானாக!

சுபம்